பழைய வீட்டில் சுவரோடு சேர்ந்த புத்தக அலமாரி: அளவெடுப்பது முதல் அடுக்குவது வரை

பழைய வீட்டில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. தரை ஒரு மூலையில் இறங்கியிருக்கும். சுவர் நடுவில் புடைத்திருக்கும். கூரை ஒரு பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்திருக்கும். இப்படிப்பட்ட அறையில் சுவர் முழுக்க அலமாரி அமைக்கும்போது இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, சுவரின் கோணலுக்கு ஏற்றபடி அலமாரியையே அறுத்துச் செய்வது. இன்னொன்று, சுவரைக் கொத்திப் பூசி நேராக்குவது. முதல் வழியில் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு அளவாகிவிடும். இரண்டாவது வழியில் வீட்டின் பழைய பூச்சு போய்விடும்; அதை மறுபடி கொண்டுவர முடியாது.

இரண்டும் வேண்டாம். அலமாரிப் பெட்டி ரசமட்டத்துக்கும் தூக்குக்குண்டுக்கும் கட்டுப்பட்டு நேராக நிற்கட்டும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விழும் இடைவெளியை, சுவரின் நெளிவுக்கு ஏற்றபடி இழைத்த ஒரு ஓரப் பட்டை மூடிக்கொள்ளும். கீழே சொல்லியிருக்கும் எல்லா வேலையும் இதை நம்பித்தான்.

சுவர் தாங்குமா, தரை தாங்குமா

மரம் வாங்கும் முன் சுவரைச் சோதியுங்கள். புத்தகத்துக்கு முதல் எதிரி ஓதம். பழைய செங்கல் சுவர்கள் பலவற்றில், நிலத்தின் ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு இருக்காது. ஈரம் செங்கல் வழியாக ஊறி, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் வரை ஏறும். உப்புப் பூத்திருப்பது, பெயிண்ட் கொப்பளித்து உரிவது, தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். கண்ணுக்கு எதுவும் படாவிட்டாலும் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். ஓரடிச் சதுரத்துக்குத் தடித்த பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரத்திலும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் கோத்திருந்தால் அது சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். காற்றோட்டத்தைக் கூட்டினால் குறையும்.

சுவரில் ஓதம் இருப்பது உறுதியானால் அலமாரி வேலையை அங்கேயே நிறுத்துங்கள். வெளிப்பக்கம் மண் உயர்ந்து சுவரை மூடியிருக்கிறதா, மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்து அதை முதலில் சரிசெய்யுங்கள். சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் சிமெண்டைப் பூசி ஈரத்தை அடைக்கப் பார்க்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே ஆவியாக விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டி இன்னும் மேலே ஏற வைக்கும்.

கரையான் மருந்து அடிக்க வேண்டியிருந்தால் அதற்கும் இதுதான் நேரம். அலமாரி வந்த பிறகு அந்தச் சுவர் கைக்கு எட்டாது. ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரப் பட்டை) ஓரம், பக்கத்துக் கதவு நிலை, உத்திர முனைகள் எல்லாவற்றிலும் மண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். மரத்தைத் தட்டி, உள்ளே கூடாக இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கம்பி விஷயத்தில் பழைய வீட்டை நம்பவே கூடாது. ஸ்விட்சுக்கு நேர் மேலே மட்டும்தான் கம்பி போகும் என்று நினைத்துத் துளை போட்டால், குறுக்காகப் போகும் பழைய கம்பியில் ட்ரில் இறங்கிவிடும். டிடெக்டர் வைத்துச் சுவர் முழுதும் தடவி, கம்பி போகும் வழியைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அலமாரிக்குப் பின்னால் மறையப்போகும் பிளக் பாயிண்ட் இருந்தால், எலக்ட்ரீஷியனை வைத்து அதை முன்பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். இன்னொன்று, பழைய பெயிண்ட் அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சோதிக்காமல் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகக் கெடுதல்.

அப்புறம் எடை. ஒரு மீட்டர் நீளத் தட்டில் வரிசையாக நிற்கும் புத்தகங்கள் 30 கிலோவைத் தாராளமாகத் தொடும். கனமான தாளில் அச்சான பெரிய நூல்கள் அதைத் தாண்டும். 3 மீட்டர் அகலச் சுவரில் ஏழு தட்டு என்றால் 21 மீட்டர். புத்தகம் மட்டுமே 600 கிலோவுக்கு மேல் போகும், மரத்தின் எடை தனி. தரைத்தளத்தில் மண்ணின் மேல் போட்ட தரைக்கு இது ஒன்றும் பெரிதில்லை. மேல்மாடியில் மரத் தரை என்றால் யோசிக்க வேண்டும். அடியில் உத்திரங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று கண்டுபிடியுங்கள். அலமாரி அவற்றுக்குக் குறுக்கே நின்றால் பல உத்திரங்கள் எடையைப் பங்குபோட்டுக்கொள்ளும். உத்திரத்துக்கு இணையாக நின்றால் ஒன்றோ இரண்டோ மட்டும் மொத்தத்தையும் சுமக்கும். நடக்கும்போது தரை அதிர்ந்தாலோ, நடுவில் தொய்வு தெரிந்தாலோ கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

அளவெடுப்பது

அகலத்தைத் தரையருகே, இடுப்பு உயரத்தில், கூரையருகே என்று மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில். இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்குக்கான அளவு. இரண்டு பக்கமும் சுவர் இருந்தால், குறைந்த அகலத்திலிருந்து பக்கத்துக்கு 15 முதல் 20 மி.மீ. கழித்துப் பெட்டிகளின் மொத்த அகலத்தை முடிவு செய்யுங்கள். அந்த இடைவெளி ஓரப் பட்டைக்கு.

மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, ஒரு சுவரில் 60 செ.மீ., அடுத்த சுவரில் 80 செ.மீ. குறித்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்து பாருங்கள். 100 செ.மீ. வந்தால் செங்கோணம். கூடினாலும் குறைந்தாலும் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். சுவரின் புடைப்பைக் காண, நேரான நீண்ட பட்டை ஒன்றை அதன் மேல் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் பள்ளம்.

தரையின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் அளவெடுப்பதில் முக்கியமான வேலை. லேசர் மட்டம் இருந்தால் சுவரில் ஒரு கிடைக்கோடு அடித்து, அதிலிருந்து தரை வரை பல இடங்களில் அளந்தால் போதும். எங்கே அளவு குறைவோ அங்கே தரை உயரம். அலமாரியின் அடிமட்டம் அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாழ்ந்த இடத்துக்கு ஆப்பு வைத்து ஏற்றலாம், உயர்ந்த இடத்தைத் தாழ்த்த முடியாது.

வடிவம்: புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள்

உங்களிடம் இருக்கும் புத்தகங்களை உயரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலும் எத்தனை மீட்டர் என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போடும் வரைபடம் எல்லாம் வெறும் ஊகம். கிரவுன் அளவுப் புத்தகம் 18, 19 செ.மீ. உயரம். டெம்மி 22 செ.மீ. போல. தட்டுக்கு நடுவே 25 செ.மீ. திறப்பு விட்டால் டெம்மியும் அடங்கும், விரல் விட்டு இழுக்க இடமும் இருக்கும். ஏ4 அளவுள்ளவற்றுக்கு 32 செ.மீ. வேண்டும். கலை நூல், நிலவரைபட நூல் போன்றவற்றை அடித்தட்டில் வையுங்கள். அதை மட்டும் 38 செ.மீ. உயரமாக விட்டுவிடலாம்.

ஆழத்தில் பலரும் தாராளமாக நடந்துகொண்டு பிறகு வருந்துகிறார்கள். உள் ஆழம் 28 செ.மீ. பெரும்பாலான புத்தகங்களுக்குப் போதும். 40 செ.மீ. ஆழம் வைத்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை சேரும். பின்வரிசையில் போன புத்தகம் மறந்துபோன புத்தகம்தான். ஆழம் வேண்டுமென்றால் கீழே மட்டும் கதவு வைத்த பெட்டியாக 42 செ.மீ. கொடுத்து, மேலே திறந்த தட்டுகளை 28 செ.மீ.யில் நிறுத்துங்கள். நடுவில் கிடைக்கும் மேடை, எடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வசதி.

அகலத்தில் கண்டிப்பாக இருங்கள். தட்டு தொய்வதற்குக் காரணம் எப்போதும் நீளம்தான். மீட்டருக்கு ஒரே எடை என்று வைத்துக்கொண்டால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். 60 செ.மீ. தட்டை 90 செ.மீ. ஆக்கினால் நீளம் ஒன்றரை மடங்கு, தொய்வு ஐந்து மடங்கு. தடிமன் மறுபக்கம் உதவும்: 18 மி.மீ. பலகைக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல். என் பரிந்துரை, 18 மி.மீ. பிளைவுட் தட்டு 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) என்றால் 60 செ.மீ. தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரமுள்ள கட்டை மரப் பட்டையை நிறுத்தி ஒட்டினால் விறைப்பு இரட்டிப்புக்கு மேல் ஆகும். பிளைவுட்டின் அடுக்குகளும் மறையும். குறைந்த செலவில் இதைவிடப் பலன் தருவது எதுவும் எனக்குத் தெரியாது.

உள்ளபடியே பழைய வீட்டோடு அலமாரி ஒட்ட வேண்டுமென்றால், வீட்டில் ஏற்கனவே இருக்கும் கோடுகளைக் கவனியுங்கள். கதவு நிலையின் மேல்விளிம்பு, ஜன்னல் அடிக்கட்டை, ஸ்கர்ட்டிங் உயரம் எல்லாம் கண் பழகிய கோடுகள். அலமாரியின் ஒரு முக்கியமான தட்டோ மேல்பட்டையோ அவற்றோடு ஒரே மட்டத்தில் வந்தால் அது நேற்று வந்த பொருளாகத் தெரியாது. பழைய ஸ்கர்ட்டிங்கின் வளைவை அட்டையில் அச்சு எடுத்து, அதே வடிவில் புதிய பட்டை இழைத்து அலமாரியின் அடியைச் சுற்றிக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய துண்டுகளை எறியாமல் பின்புறம் குறியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாராவது இந்த அலமாரியை எடுக்க நினைத்தால் வீடு பழையபடி ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. முழு உயரப் பெட்டியைப் படுக்க வைத்துச் செய்து அறைக்குள் நிமிர்த்தும்போது, அதன் மூலைவிட்டம் கூரையை இடிக்கும். 240 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 242 செ.மீ. ஆழம் 60 என்றால் 247க்கு மேல். ஆகவே பெட்டி கூரையைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். அடிச்சட்டம் தனி, பெட்டி தனி, மேல்பட்டை தனி என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மரமும் பெட்டியும்

ஓதம் வந்துபோகும் வீட்டுக்கு ஈரம் தாங்கும் பசை போட்ட பிளைவுட்தான் சரி. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெயிண்டுக்கு வழவழப்பான முகம் கொடுக்கும், ஆனால் அடிப்பகுதியில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அதை முன்சட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டை மரம் பருவத்துக்குத் தகுந்தபடி அகலத்தில் விரிந்து சுருங்கும். பட்டைகளுக்கும் சட்டங்களுக்கும் நல்லது, அகலமான பக்கப்பலகைக்கு வேண்டாம். எதுவானாலும் அறுப்பதற்கு முன் ஒரு வாரம் அந்த அறையிலேயே காற்று புகும்படி அடுக்கி வையுங்கள்.

ஒரே பெரிய பெட்டியாகச் செய்யாமல் 70, 75 செ.மீ. அகலப் பெட்டிகளாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பழைய வீட்டின் குறுகிய மாடிப்படியில் ஏற்ற இதுதான் வழி. ஒவ்வொரு பெட்டியிலும் மேல்பலகை, அடிப்பலகை, நடுவில் ஒரு தட்டு மூன்றையும் பக்கப்பலகையில் 6 மி.மீ. ஆழக் காடி எடுத்து, பசை போட்டு நிரந்தரமாக இறக்குங்கள். மற்ற தட்டுகள் நகரக்கூடியவையாக இருக்கட்டும்: 5 மி.மீ. துளை, 32 மி.மீ. இடைவெளி, அதில் உலோக முளை. பக்கப்பலகை முழுக்கத் துளை போட வேண்டியதில்லை. தட்டு வர வாய்ப்புள்ள இடத்தில் மேலும் கீழும் இரண்டிரண்டு துளை போதும், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

பின்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட். அது பெட்டி பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, வெறும் அழகுக்கு இல்லை. ஒட்டும் முன் பெட்டியின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமாக்குங்கள். பின்பலகைக்குப் பின்னால், மேலே ஒன்று, நடுவில் ஒன்று என 8 முதல் 10 செ.மீ. அகலக் குறுக்குக்கட்டைகள் வர வேண்டும். சுவரில் திருகப்போவது இவற்றின் வழியாகத்தான். சுவரைப் பார்க்கும் பின்புறத்துக்கும் சீலர் அடிக்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்த பலகை மறுபக்கத்தில் ஈரம் குடித்து வளையும்.

நிறுத்துவது

முதலில் அடிச்சட்டம். ஏணி போல நீளக்கட்டை இரண்டும் குறுக்குக்கட்டைகளுமாக, 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் செய்து தரையில் வையுங்கள். உயர்ந்த புள்ளியில் அது தரையைத் தொடட்டும். மற்ற இடங்களில் ஜோடி ஜோடியாக ஆப்பு வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் பார்த்து ஏற்றுங்கள். குறுக்குக்கட்டை ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆப்பு இருக்க வேண்டும். ஓதத்துக்கு வாய்ப்புள்ள தரையில் கட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்துவிடுங்கள். இங்கே அவசரமே கூடாது. அடிச்சட்டம் 3 மி.மீ. சாய்ந்தால் மேலே அது பல மடங்காகப் பெருகி, பெட்டிகளுக்கு நடுவே ஆப்பு வடிவச் சந்தாகத் தெரியும்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, முன்விளிம்புகள் ஒரே தளத்தில் வரும்படி கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒன்றோடொன்று திருகுங்கள். திருகுகளைத் தட்டு முளை வரும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டால் கண்ணில் படாது. சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவில் 20, 25 மி.மீ. காற்றிடம் விடுங்கள். அடிச்சட்டத்திலும் மேல்பட்டையிலும் சில துளைகள் இருந்தால் அந்தக் காற்று நகரும்.

இப்போது சுவரில் பிணைப்பது. ட்ரில்லை முதலில் சுத்தியல் அதிர்வு இல்லாமல் ஓட்டுங்கள். பழைய பூச்சு அதிர்வில் பாளமாக விழும். துளையிலிருந்து கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதலில் வெளிறிய பொடி வரும், அது பூச்சு. பிறகு செந்தூள் வந்தால் செங்கல் கிடைத்துவிட்டது. வெளிறிய பொடியே தொடர்ந்து மளமளவென்று கொட்டி, ட்ரில் தானாக உள்ளே போனால் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் இறங்கிவிட்டீர்கள். அங்கே திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. இரண்டு விரல்கடை மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள். திருகு செங்கல்லுக்குள் குறைந்தது 50 மி.மீ. இறங்க வேண்டும். பூச்சின் தடிமன், காற்றிடம், குறுக்குக்கட்டை மூன்றையும் கூட்டினால் 100 மி.மீ.க்கும் நீளமான திருகு தேவைப்படும். செங்கல்லே பொடிந்து வருகிற சுவருக்கு ரசாயன ஆங்கர் (துளைக்குள் இறுகும் பசையால் பிடிக்கும் பிணைப்பு) போடுங்கள்.

திருகை இறுக்கும் முன், அது போகும் இடத்தில் குறுக்குக்கட்டைக்கும் சுவருக்கும் நடுவே சரியான தடிமனில் மரத்துண்டு சொருகுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். துண்டு இல்லாமல் இறுக்கினால் திருகு பெட்டியைச் சுவரின் பள்ளத்துக்குள் இழுக்கும். அதுவரை நேராக நின்ற பெட்டி முறுக்கிக்கொள்ளும், கீழே கதவுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். ஒவ்வொரு திருகுக்குப் பிறகும் தூக்குக்குண்டு பாருங்கள். ஒரு பெட்டிகூடப் பிணைக்காமல் விடப்படக் கூடாது. குழந்தைகள் தட்டுகளைப் படியாக நினைத்து ஏறுவார்கள்.

ஓரப் பட்டை இழைப்பது

பெட்டி நேராக நிற்கிறது, பக்கத்துச் சுவர் நெளிந்து போகிறது. 50 மி.மீ. அகலமுள்ள பட்டையைச் சுவரின் மிகப் புடைத்த இடத்தைத் தொடும்படி வைத்து, தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்திக் கிளாம்ப் போடுங்கள். இப்போது பட்டை தன் இடத்துக்குப் போக இன்னும் எவ்வளவு நகர வேண்டும் என்று அளந்து, அதே தூரத்துக்குக் கவராயத்தை விரியுங்கள். கூர்முனை சுவரைத் தடவ, பென்சில் பட்டையில் கோடு போட, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இழுங்கள். கவராயத்தைக் கடைசிவரை கிடைமட்டமாகவே பிடிக்க வேண்டும். சாய்ந்தால் கோடு பொய் சொல்லும்.

அந்தக் கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே ஜிக்சாவால் அறுங்கள். வாளை ஐந்து டிகிரி சாய்த்து, பின்பக்கம் அதிகமாகக் கழியும்படி அறுத்தால் முன்விளிம்பு மட்டும் சுவரைத் தொடும். மீதியைச் சின்ன இழைப்புளியால் கோடு வரை கொண்டுவாருங்கள். வைத்துப் பார்த்து, தொடும் இடத்தில் பென்சிலால் குறித்து, மறுபடி ஒரு சீவல். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பட்டை சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உட்காரும். இடைவெளியைப் பட்டி போட்டு நிரப்பிவிடலாம் என்று இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். 5 மி.மீ. பட்டி ஒரு பருவம் மாறினால் வெடித்துவிடும்.

கூரையை ஒட்டிய மேல்பட்டைக்கும் இதே முறை. கூரைச் சரிவு அதிகமென்றால் பட்டையை 10 செ.மீ.க்குக் குறையாத அகலத்தில் எடுங்கள். அகலமான பட்டையில் 15 மி.மீ. சரிவு கண்ணில் படாது; ஒல்லியான பட்டையில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பூச்சு, பிறகு புத்தகம்

பெயிண்டோ பாலிஷோ, நன்றாகத் தேய்த்து, ப்ரைமர் கொடுத்து, இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே அடுக்கிவிடாதீர்கள். தண்ணீர் கலந்த பெயிண்ட் முழுமையாக இறுக இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் வைத்தால் அட்டைகள் தட்டில் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது பெயிண்டோடு வரும். எண்ணெய்ப் பெயிண்டின் ஆவி தாளுக்கும் நல்லதில்லை. வாசனை முற்றிலும் போகும்வரை ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருங்கள்.

அடுக்கும்போது கனமானவற்றை அடித்தட்டில் தொடங்கி மேலே வாருங்கள். புத்தகங்களைப் பின்பலகையில் முட்டும்வரை தள்ளாமல் இரண்டு செ.மீ. விடுங்கள். நேர் வெயில் விழும் தட்டில் முதுகுகள் வெளுத்துவிடும், அங்கே திரை போடுங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானியை நடுத்தட்டில் வைத்துவிடுங்கள்; அது பல நாள் 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை வரும்.

எடை ஏறியதும் தரையும் ஆப்புகளும் கொஞ்சம் அமுங்கும். ஒரு மாதம் கழித்து ரசமட்டத்தை எடுத்துத் தட்டுகளிலும் அடிச்சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். சுவர்த் திருகுகளை ஒரு முறை இறுக்குங்கள். ஸ்கர்ட்டிங் பட்டையை அடிச்சட்டத்தில் நிரந்தரமாக அடிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். அதுவரை ஆப்புகள் கைக்கு எட்ட வேண்டும்.